முப்பது ஆண்டு பொறுத்திருக்க வேண்டிய முதலீடு

வடகிழக்குச் சீனாவில் தாச்சிங் என்றோர் எண்ணெய் நகரம் இருக்கிறது. 1986இல் அங்குள்ள 33 மருத்துவ நிலையங்கள் வழியாக 1,10,660 பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடந்தது. நீரிழிவு இன்னும் வராத, ஆனால் விரைவில் வரக்கூடிய நிலையில் இருந்த 577 பேரை அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சில நிலையங்களைச் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றவர்களுக்கு உணவு ஆலோசனை, அல்லது உடற்பயிற்சி, அல்லது இரண்டும் சேர்த்து. காய்கறியைக் கூட்டு, சர்க்கரையையும் மதுவையும் குறை, நாள்தோறும் அரை மணி நேரமாவது மெதுவாக நட அல்லது இருபது நிமிடம் வேகமாக நட: ஏறக்குறைய இவ்வளவுதான் சிகிச்சை. முதல் மாதம் வாரம் ஒருமுறை ஆலோசனை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விலை உயர்ந்த கருவியோ புதிய மருந்தோ கிடையாது. சீனா அப்போது இந்தியாவைப் போலவே ஏழை நாடு.

ஆறு ஆண்டுகள் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 68 பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. ஆலோசனை பெற்ற குழுக்களில் அது 41 முதல் 46 வரை. 1992இல் திட்டம் முடிந்தது, ஆலோசனையும் நின்றது. ஆனால் ஆய்வாளர்கள் அந்த மனிதர்களை விட்டுவிடவில்லை. இருபதாம் ஆண்டில் திரும்பிப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களுக்கு நீரிழிவு சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் தள்ளிப்போயிருந்தது. சாவு எண்ணிக்கையில் மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இருபத்துமூன்றாம் ஆண்டில் அந்த வேறுபாடு தெரிந்தது: வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 38.4 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஆலோசனை பெற்றவர்களில் 28.1 சதவீதம். முப்பதாம் ஆண்டுக் கணக்கில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைவு, கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் பாதிப்புகள் 35 சதவீதம் குறைவு, ஆயுள் சராசரியாக 1.44 ஆண்டு கூடுதல்.

வளரும் நாடுகள் நாட்பட்ட நோய்த் தடுப்பில் பணம் போட வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. காரணம், அதன் முடிவு மட்டுமல்ல, அந்த முடிவு வந்து சேர எடுத்துக்கொண்ட காலமும்தான். 1992இல் ஒரு நிதிச் செயலாளர், “இதனால் எத்தனை உயிர் பிழைத்தது?” என்று கேட்டிருந்தால், காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 2006இல் கேட்டிருந்தாலும் அதே நிலைதான். ஓர் அரசின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். கட்டி முடித்த பல்நோக்கு மருத்துவமனையின் வாசலில் ரிப்பன் வெட்டலாம். வராமல் போன மாரடைப்புக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. தடுப்புக்கு எதிராகப் பேசுகிறவர்கள் அநேகமாக யாருமில்லை. இருந்தும், பட்ஜெட் மேசையில் அது ஆண்டுதோறும் தோற்கிறது.

இந்த நோய்களைப் ‘பணக்கார நோய்’ என்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 70 வயதை எட்டும் முன்பே தொற்றா நோயால் இறந்தவர்கள் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர். அவர்களில் 82 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்களை 10.1 கோடி என்றும், அதன் முந்தைய கட்டத்தில் இருப்பவர்களை 13.6 கோடி என்றும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களை 31.5 கோடி என்றும் மதிப்பிட்டது. பணக்கார நாடுகளில் செல்வம் முதலில் வந்தது, ஓய்வூதியமும் காப்பீடும் வந்தன, பிறகு முதுமையோடு இந்த நோய்கள் வந்தன. நம்மிடம் நோய் முந்திக்கொண்டது. உழைக்கும் வயதில், பெரும்பாலும் சொந்தக் காசில் மருத்துவம் பார்க்கும் குடும்பத்துக்குள் அது வருகிறது.

அந்தக் காசு எவ்வளவு? சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய நகர்ப்புற ஏழைக் குடும்பங்கள் வருமானத்தில் 34 சதவீதத்தையும், கிராமப்புற ஏழைகள் 27 சதவீதத்தையும் நீரிழிவுக்காகச் செலவிட்டதைக் காட்டியது. சிக்கல் முற்றினால் நிலைமை எப்படி ஆகும் என்பதை மாவட்ட அரசு மருத்துவமனை எதிலும் டயாலிசிஸ் பிரிவில் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கையில். டயாலிசிஸுக்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. சித்தாள் வேலைக்கோ மூட்டை தூக்கவோ போகிறவருக்கு அந்த ஒரு அறிவுரையோடு தொழிலே முடிந்துவிடுகிறது. டயாலிசிஸ் இலவசம். பஸ் கட்டணமும், கூட வரும் மனைவி விட்டுக்கொடுக்கும் கூலியும் யார் கணக்கிலும் வருவதில்லை. இந்த நான்கு மணி நேரங்களைத் தடுக்க, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

“முதலில் காசநோய், ரத்தசோகை, பிரசவ மரணம். இதெல்லாம் பிறகு” என்ற வாதத்தில் நல்லெண்ணம் உண்டு. உடலுக்குள் அப்படி வரிசை கிடையாது என்பதுதான் சிக்கல். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்தபோது, அங்குள்ள கிராமத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோவும் இருந்தார்கள். எடை குறைந்த அந்த இந்தியக் குழந்தைகளிடம் தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் அந்த உடல்தான் பின்னாளில் நீரிழிவுக்கு எளிதில் ஆட்படுகிறது. ஆகவே தாயின் பட்டினியைத் தீர்ப்பது பேரப்பிள்ளைக் காலத்து நீரிழிவைத் தடுக்கும் வேலையும்தான். இரண்டுக்கும் தனித்தனிப் பணப்பை வைத்துச் சண்டையிட வேண்டியதில்லை.

இதில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டறிய உலகில் பல இடங்களில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணியிடம், “நாளைக்குச் சாப்பிடாமல் வாம்மா” என்றால் அவர் திரும்பி வராமலே போகலாம். டாக்டர் வி. சேஷையா முன்வைத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஏழைப் பெண்ணின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்து வகுத்த மருத்துவம் இது. தாய், குழந்தை ஆகிய இரண்டு தலைமுறையின் நோய் வாய்ப்பை ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் கண்டுகொள்ள முடிகிறது.

தடுப்பின் ஆதரவாளர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ‘தடுப்பு செலவை மிச்சப்படுத்தும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. சில தடுப்பு முறைகள் மிச்சப்படுத்துகின்றன, பல மிச்சப்படுத்துவதில்லை. சென்னையில் இராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வந்தன. ஆபத்து நிலையில் இருந்த 531 பேர். மூன்றாண்டில் வழக்கமான கவனிப்புக் குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, நடையும் உணவு மாற்றமும் கற்றுக்கொண்ட குழுவில் 39.3 சதவீதம் பேருக்கு. மலிவான மெட்ஃபார்மின் மாத்திரை தனியாகக் கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே பலன். ஒருவருக்கு நீரிழிவு வராமல் தடுக்க மூன்றாண்டில் ஆன செலவு 1,000 டாலருக்குச் சற்று மேல். அந்தச் செலவு அப்படியே அரசின் கைக்குத் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குடும்பத் தலைவரின் பார்வையையும் காலையும் வேலையையும் பல ஆண்டுகள் காப்பாற்ற இந்த விலை குறைவு என்று சொல்வேன். மருத்துவமனையில் நாம் எதை வாங்கினாலும் பணம் திரும்புவதில்லை. தடுப்பிடம் மட்டும் லாபக் கணக்குக் கேட்பது நியாயமில்லை.

இந்தச் சென்னை ஆய்விலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆலோசனை பெற்றும் 100க்கு 39 பேருக்கு நோய் வந்தது. ஆள் ஆளாக உட்கார வைத்துப் பேசுவதற்கு எல்லை உண்டு. நீரிழிவின் முந்தைய கட்டத்தில் இருக்கும் 13.6 கோடிப் பேரை அப்படி உட்கார வைக்க ஊழியர்களும் இல்லை. எனவே, யாருடைய மன உறுதியையும் நம்பாமல் வேலை செய்யும் தடுப்பு முறைகளில்தான் ஏழைப் பகுதிகள் முதல் ரூபாயைப் போட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

மொரீஷியஸ் அப்படிச் செய்தது. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் அந்தத் தீவின் மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்தை ஒட்டி. சாதாரண மக்கள் சமையலுக்கு வாங்கிய மலிவான ‘ரேஷன் எண்ணெய்’ பெரும்பாலும் பாமாயில். 1987இல் நடந்த கணக்கெடுப்பில் நீரிழிவும் இதய நோய் ஆபத்தும் மிக அதிகம் என்று தெரிந்ததும், அரசு அந்த எண்ணெயை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றிவிட்டது. வீட்டில் யாரும் சமையலை மாற்றவில்லை, அதே கடை, அதே வாணலி. ஐந்து ஆண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 213 மில்லிகிராமிலிருந்து 182க்கு இறங்கியது. வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன என்றாலும் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்துக்கு உரியது. நீரிழிவு மட்டும் அங்கே குறையவில்லை, பின்னாளில் இன்னும் ஏறியது. எண்ணெயை மாற்றினால் எண்ணெயால் வரும் கேடு குறையும். அரிசியும் சர்க்கரையும் உடல் உழைப்பின்மையும் தருவதை அது தீர்க்காது.

தமிழ்நாட்டில் சுமார் 2.2 கோடிக் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைகளில் பாமாயில் கிடைக்கிறது. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த பாக்கெட் ஏழை வீடுகளின் பெரிய ஆறுதல், அதை நிறுத்தச் சொல்வது கொடுமை. ஆனால் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 முதல் 50 சதவீதம், கடலை எண்ணெயில் அதில் பாதிக்கும் குறைவு. அதே மானியத்தோடு எண்ணெயை மட்டும் மாற்றினால் என்ன? கடலை, தேங்காய் விவசாயிகளும் தங்கள் எண்ணெயை ரேஷனில் கொடுக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் நியாயமான கோரிக்கை. இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் கடலை எண்ணெய்க்கு ஆம் என்றும், பாமாயிலைவிட மிகக் கூடுதலாக நிறைவுற்ற கொழுப்புள்ள தேங்காய் எண்ணெய்க்கு இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொள்முதல் செலவு நிச்சயம் கூடும். அந்தக் கூடுதல் தொகையை உணவு மானியமாகப் பார்த்தால் சுமையாகத் தெரியும். சுகாதாரச் செலவாக எழுதினால், அதே தொகையில் எத்தனை ஸ்டென்ட் வைக்க முடியும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023இல் அரிசிக்குப் பதில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் முன்னோட்டம் தொடங்கியது. ரேஷன் கடையை நோய்த் தடுப்பின் இடமாகப் பார்க்க முடியும் என்பதற்கு அது சரியான திசையில் ஒரு சிறு அடி.

உப்புக் கதையும் இதே வகை. சீனக் கிராமங்கள் 600இல் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் ஆகியோரே அதில் இருந்தார்கள். ஐந்தாண்டுக்குள் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த உப்பு ஆகாது, அந்த எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இலேயே குறைந்த சோடியம் உப்பை அம்மா உப்பு என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது சாதாரண அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், குறைந்த சோடியம் உப்பு 21 ரூபாய். விலை இப்படி இருந்தால் பிரஷர் உள்ள கூலித் தொழிலாளி எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த விலை இடைவெளியில்தான் அரசின் பணம் போக வேண்டும்.

முப்பது ஆண்டு காத்திருக்க முடியாத அரசுக்கு விரைவில் பலன் தரும் தடுப்பும் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பக்கவாதம் சில ஆண்டுகளிலேயே குறையத் தொடங்கும். மாத்திரை மலிவு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலால் அதை இன்னும் மலிவாக்கியது. தடை மருந்தில் இல்லை, மாதா மாதம் அது ஆளுக்குப் போய்ச் சேர்வதில் இருந்தது. 2020இல் மாநிலம் தழுவிய ஓர் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, நீரிழிவில் 10.8 சதவீதம் பேருக்கு. மருத்துவக் கட்டமைப்பில் முன்னணி என்று பெயர் பெற்ற மாநிலத்தின் எண்கள் இவை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர் பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகளோடு வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றுகிறார், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார், எண்களைக் குறித்துக்கொண்டு, “போன மாசத்து மாத்திரையெல்லாம் போட்டீங்களா பாட்டி?” என்று கேட்டு, மிச்சமிருக்கும் அட்டையை வாங்கிப் பார்க்கிறார். அந்தக் கடைசிச் செயல் முக்கியமானது. போடாத மாத்திரைகள் அட்டையிலேயே தெரியும், ஏன் போடவில்லை என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். மருத்துவமனை வரிசையில் மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இத்திட்டத்துக்கு விருது கொடுத்தது. விருதைவிட அவசரமானது, இந்தத் தன்னார்வலர்களைச் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் வைத்திருக்காமல் சுகாதாரத் துறையின் முறையான ஊழியர்களாக்குவது. நாட்பட்ட நோய்க்கு ஆண்டுக்கணக்கில் அதே முகம் வீட்டுக்கு வர வேண்டும். குறைந்த ஊதியத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது நடக்காது.

கடினமான பகுதி வருவாய். 2023-24இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வழியாக மாநிலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கல்லீரல் நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல புற்றுநோய்களுக்கும் மது காரணம் என்று சொல்லும் அதே அரசின் நலத்திட்டங்கள் அந்தப் பணத்திலும் ஓடுகின்றன. பீடியின் கதை வேறு வகை. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்களின் கூலியைக் காட்டித்தான் பீடி வரி எப்போதும் சிகரெட்டைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தது. அந்தப் பெண்களின் வாழ்வாதாரம் உண்மையான கேள்வி, அதற்கு மாற்றுத் தொழில் கொடுப்பதுதான் பதில். மலிவான பீடியைப் புகைத்து ஐம்பது வயதில் மூச்சுக்குத் திணறுபவர்களும் பெரும்பாலும் அதே தெருக்களின் ஆண்கள். வரியை உயர்த்தினால் பழக்கம் குறையும் என்பதற்குச் சான்று வேறு பொருளிலும் இருக்கிறது. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. இரண்டே ஆண்டில் அவற்றின் விற்பனை சராசரியாக 7.6 சதவீதம் இறங்கியது, ஏழைக் குடும்பங்களிடம் இறக்கம் இன்னும் கூடுதல். அங்கேயும் வரிக்கு முன்னால் வேலையிழப்பு என்ற அச்சமே எதிர்வாதமாக இருந்தது.

வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்கவும் முடியாது. உலகச் சுகாதார நிதியுதவியில் தொற்றா நோய்களுக்கு ஒதுக்கப்படுவது 2 சதவீத அளவில்தான் பல ஆண்டுகளாக நிற்கிறது. ஆகவே இது உள்ளூர்ப் பணம், உள்ளூர் முடிவு. நான் இரண்டு கேட்பேன். ரேஷனுக்கான எண்ணெய், உப்பு, தானியக் கொள்முதல் டெண்டர் எதுவும் பொது சுகாதாரத் துறை இயக்குநரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் வெளிவரக் கூடாது என்று ஓர் அரசாணை. அடுத்து, ரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுக்குள் இருப்பவர்களின் சதவீதமாக 7.3 என்றும் 10.8 என்றும் தொடங்கிய அந்த எண்களை மாவட்டவாரியாக அளந்து, ஆண்டுதோறும் சுகாதார மானியக் கோரிக்கையோடு சட்டமன்றத்தில் வைப்பது. புதிய கட்டடங்களின் பட்டியலுக்கு முன்பாக, அந்தக் கோரிக்கையின் முதல் பக்கத்திலேயே அது இடம்பெற வேண்டும்.